நான்காவது புகார்

ஐப்பசி 14, காலை 6:40. நிலையத்து வண்டிக் கொட்டகை.

உரிமையாளர்: மாரிச்செல்வி, பனிக்கட்டி ஆய்வாளர், நிலவின் தென்முனை நிலையம். வண்டி: அகல்விசை மோட்டார்ஸின் 'கவரி'. காற்று அடைத்த அறை கொண்டது. தானே ஓடும். வாங்கி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. மின்கலம் நிறைவு. காற்றுத் தொட்டி நிறைவு. சக்கரங்கள் சரி. அறை சுத்தம்.

இந்தப் பதிவை எழுதச் சொல்வது சட்டம். புது வண்டியில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்து, மூன்று முறை பழுது பார்க்கக் கொடுத்தும் நான்காவது முறையும் வந்தால், கம்பெனி வேறு வண்டி தர வேண்டும். உயிரை வாங்கும் குறை என்றால், அதே தொகுதியில் செய்த எல்லா வண்டிகளையும் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். அதற்கு உரிமையாளரே வண்டியின் பதிவில் நாட்குறிப்பு எழுதி வர வேண்டுமாம். ஆகவே புகாரை விசாரிக்கப் போகும் ஆய்வாளர் அவர்களே, ஐயாவோ அம்மாவோ, வணக்கம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

குறை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே அறைக்குள் இருக்கும் காற்றை வண்டி வெளியே திறந்து விட்டுவிடுகிறது. நிலவில் வெளியே காற்று கிடையாது. இதைக் கம்பெனிக்கு மூன்று கடிதங்களில் விளக்க வேண்டியிருந்தது.

மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் சர்வீஸுக்கு விட்டேன். விடுவதற்கு முந்தின நாள் உள்ளே மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, இருக்கையடியில் கூட ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் கொடுத்தேன். அழுக்கு வண்டியை அடுத்தவர் கையில் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம் இல்லை. மூன்று முறையும் ஒரே பதில்தான் வந்தது: குறை எதுவும் காணப்படவில்லை. நிலையத்தில் இப்போது என் பெயர் புகார் செல்வி.

பயணம்: மேற்குப் பள்ளம் வரை, போக ஒரு நாள், வர ஒரு நாள். பனிக்கட்டியின் மாதிரிகள் எடுக்க வேண்டும். புறப்படுகிறேன்.

ஐப்பசி 14, மாலை 5:20. மேற்குப் பள்ளம்.

வந்து சேர்ந்தாயிற்று. குறை எதுவும் தலைகாட்டவில்லை. பள்ளத்து விளிம்பு மேட்டைத் தவிர வழி முழுக்க நிழல். இங்கே சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை, அடிவானத்தை ஒட்டியே சுற்றி வரும். மேட்டில் வெயில் கொளுத்தும், பள்ளத்தில் என்றைக்குமே விடியாது.

மாதிரி எடுக்கப் பதினொரு இடங்களில் துளை போட்டேன். இரண்டில் பனிக்கட்டி கிடைத்தது. ஏறி இறங்கியதில் காலணியெல்லாம் நிலாத்தூசி. அறைக்குள் வந்து உடையைக் கழற்றினால் வெடிமருந்து வாசம் அடிக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் காலையில் சாத்தூர்த் தெருவில் இதே வாசம்தான் இருக்கும். எனக்கு இது பிடிக்கும்.

மலைமேல் இருக்கும் வானொலிக் கோபுரம் இங்கிருந்து தெரிகிறது. ஆகவே நிலையத்தோடு பேச முடிகிறது. வானொலியில் வருவதையும் திரையில் நான் அமுக்குவதையும் வண்டி தானாகவே இந்தப் பதிவில் எழுதிக்கொள்ளும். இது என் கணவர் ஆவுடையப்பன்:

"செல்வி, சாப்பிட்டியா? நாளைக்குத்தான பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள முகட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. ஒம்மக இப்பவே பைய கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கா. பூமி எவ்வளவு பெருசா தெரியும்னு நூறு தடவ கேட்டுட்டா. இந்தா, நீயே பேசு."

என் மகள் தாமிராவுக்கு ஒன்பது வயது. பிறந்தது இங்கேதான். நிலையம் இருப்பது தாழ்வான இடம், பூமி மறைந்திருக்கும். அதை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, புது பஸ்ஸும்மா. நாங்கதான் மொத மொத போறோம். ரெஜினா டீச்சர் நடுவுல எறங்கி வெளையாட விடுவாங்களாம். நீ ஏன் இன்னிக்கே வரல?"

நாளை மாலை வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

ஐப்பசி 15, காலை 7:05. பள்ளத்து விளிம்பு.

நடந்துவிட்டது.

வரிசையாக எழுத முயல்கிறேன். பள்ளத்தை விட்டு மேட்டில் ஏறினோம். முன்கண்ணாடியில் வெயில் அடித்தது. அறை சூடாவதை உணர்ந்து காற்றாடி வேகமாகச் சுற்றியது. அடுத்த நொடி கூரையில் 'டப்' என்று ஒரு சத்தம். காது அடைத்துப் பிறகு வலித்தது. கையிலிருந்த காபிப் பொட்டலம் பொங்கி வெடித்தது. நாக்கில் எச்சில் கொதிப்பது தெரிந்தது. உண்மையிலேயே தெரிந்தது.

உடை போட்டிருந்தேன், தலைக்கவசம் மடியில் இருந்தது. மூன்று முறை அனுபவப்பட்ட புண்ணியம். அதை மாட்டித் திருகுவதற்குள் கண் இருட்டிவிட்டது. மாட்டியிருக்காவிட்டால் இந்த வரி இருந்திருக்காது.

கூரைத் திறப்பு மூடிக்கொண்டது. தொட்டியிலிருந்து காற்று நிரம்பியது. திரையில் வண்டி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "தீ கண்டறியப்பட்டது. அறைக்காற்று அகற்றப்பட்டு தீ அணைக்கப்பட்டது. பயணத்தைத் தொடரலாம்."

எந்தத் தீ? அறையில் ஒரு பொறி கூட இல்லை. இந்த வண்டியின் கணக்கில் இது குறையே அல்ல, என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

காலை 7:40. அதே இடம். வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இருக்கைக்குக் கீழே புகை உணரும் கருவி இருக்கிறது. மூடியைக் கழற்றினேன். உள்ளே கரித்தூள் பூசிய மாதிரி நிலாத்தூசி.

பார்த்ததும் கை தானாகத் துணியை எடுத்தது. துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

காலணியில் வந்த தூசி தரையில் கிடக்கிறது. நிழலில் இருக்கும்வரை சும்மா கிடக்கும். வெயிலுக்கு வந்ததும் காற்றாடி வேகமெடுத்து அதை இந்தக் கருவிக்குள் அடிக்கிறது. கருவி அதைப் புகை என்கிறது. புகை என்றால் தீ, தீ என்றால் காற்றை வெளியேற்று. அவ்வளவுதான் இதற்குத் தெரியும்.

மூன்று முறையும் நான் என்ன செய்தேன்? குறையை நானே துடைத்து எடுத்து, பளபளவென்று வண்டியைக் கொடுத்தேன். சர்வீஸ் பையன்கள் எதைக் கண்டுபிடிப்பார்கள்? நிலையத்தில் மற்றவர்களும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். ஆஸ்பத்திரிக்குக் குளித்துவிட்டுத்தான் போவோம்.

மற்ற வண்டிகளில் ஏன் வரவில்லை என்று யோசித்தேன். அவை சுரங்கத்துக்கும் நிலையத்துக்கும் இடையில் நிழலிலேயே ஓடுகின்றன. காலில் தூசியோடு ஏறி, நிழலிலிருந்து வெயிலுக்குப் போகிற வண்டி இதுவரை என்னுடையது ஒன்றுதான்.

காலை 7:48.

பஸ்.

புது பஸ்ஸும் கவரிதான், இதுவரை ஓடாமல் கொட்டகையில் கிடந்தது. சேர்த்து எடுத்தால் சலுகை என்று, என்னுடையது உட்பட நிலையத்து வண்டிகள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் வாங்கினோம். பிள்ளைகள் நடுவில் இறங்கித் தூசியில் விளையாடுவார்கள். பிறகு ஏறி, உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு முகட்டு வெயிலுக்குப் போவார்கள்.

காலை 8:02.

வானொலி அறையில் பீர் முகமது. நான் கத்திய கத்தலை இங்கே எழுதவில்லை. அவர் சொன்னது:

"தாயி, நீ மொதல்ல மூச்சு விடு. பஸ்ஸு ஏழு மணிக்கே கெளம்பிருச்சு. இப்ப கீழப் பள்ளத்துக்குள்ள இருக்கு. அங்க நம்ம கோபுரம் எட்டாது, பேச முடியாது. பத்தரைக்கு முகட்டுல ஏறுனாத்தான் சத்தம் கேக்கும். தொரத்திப் போலாம்னா நம்மகிட்ட இருக்கதும் அதே வண்டி, அதே வேகம்தான். கம்பெனி எஞ்சினியர் ததேயு தம்பிய எழுப்பி விட்டுருக்கேன். ஆவுடையப்பனுக்கும் ஆள் போயிருக்கு."

பத்தரைக்கு முகட்டில் ஏறிய பிறகு சத்தம் கேட்டு என்ன பயன்?

காலை 8:25.

கம்பெனியின் சர்வீஸ் எஞ்சினியர் ததேயு. என் வண்டியில் மூன்று முறையும் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர் இவர்தான். நல்ல பிள்ளை, இன்று குரல் உடைந்திருக்கிறது.

"மேடம், கம்பெனி செயற்கைக்கோள் மட்டுந்தான் பஸ்ஸுக்கு எட்டும். அதுல பேச முடியாது, நிறுத்துற உத்தரவு மட்டும் போகும். நிறுத்தச் சொல்லிக் கேட்டுட்டேன். சான்று இல்லாம முடியாதுன்னு கம்பெனி கணினி பதில் சொல்லுது. மூணு சர்வீஸ்லயும் குறை இல்லன்னு நான்தான எழுதியிருக்கேன். குறை வர்றப்பவே கருவிய எடுத்த படம் இருந்தா, நாலாவது புகாரா ஏத்துக்கும். ஏத்துக்கிட்டா எல்லா கவரியும் நிக்கும். பஸ் நின்னாலும் உள்ள காத்து ஓடும், பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மேடம், உங்க வண்டியும் நிக்கும். உங்களக் கூட்டிட்டு வர இங்கயும் வண்டி இருக்காது. அத யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன், அரை நிமிடம் கூட ஆகவில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் என் உயிர் எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இல்லை.

காலை 9:20. மீண்டும் பள்ளத்து நிழலில்.

செய்ய வேண்டியது: தரையில் தூசியோடு, நிழலிலிருந்து வெயிலுக்கு மறுபடி போக வேண்டும். வண்டி காற்றைத் திறந்துவிட வேண்டும். அதை நான் படம் எடுக்க வேண்டும்.

கருவிக்கு நேரே கேமராவைக் கட்டினேன். தலைக்கவசத்தை மாட்டி மூன்று தரம் திருகிப் பார்த்தேன். ஒரு முறை திறந்து மூடினால் தொட்டியில் எவ்வளவு போகிறது என்று எனக்குத் தெரியும். இதற்குப் பிறகு அறையை நிரப்பக் காற்று இருக்காது. உடைக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

இதுவரை வந்ததெல்லாம் எதிர்பாராமல் வந்தது. இப்போது நானே அழைக்கிறேன். கழிவறைக்குப் போக வேண்டும் போல் இருக்கிறது, உடையைக் கழற்ற முடியாது.

புறப்படு என்று வண்டிக்கு உத்தரவு கொடுத்தேன்.

காலை 9:47. வெயில்.

கிடைத்துவிட்டது. தூசி எழுந்து கருவிக்குள் போவது, விளக்கு சிவப்பாவது, கூரை திறப்பது, எல்லாம் ஒரே படத்தில். அறையில் இப்போது காற்று இல்லை. உடைக்குள் என் மூச்சு மட்டும் கேட்கிறது.

புகார் அனுப்பினேன். குறை: அதே குறை. புகார்: நான்காவது. உயிருக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு, ஆம்.

காலை 10:04.

வண்டி நின்றுவிட்டது.

திரையில்: "உங்கள் புகார் ஏற்கப்பட்டது. இத்தொகுதியின் எல்லா வண்டிகளும் பாதுகாப்பு கருதி நிறுத்தப்பட்டுள்ளன. இடையூறுக்கு வருந்துகிறோம்."

ததேயு: "நின்னுருச்சு மேடம். பஸ்ஸு முகட்டுக்குக் கீழ, நிழலிலேயே நின்னுருச்சு. என் திரையில தெரியுது."

அழுதேன். உடைக்குள் அழுதால் கண்ணீரைத் துடைக்க முடியாது, கன்னத்திலேயே காயும். காய்ந்தால் காயட்டும்.

காலை 10:12.

ஆவுடையப்பன் வந்துவிட்டார். மூச்சு வாங்கப் பேசினார்:

"செல்வி, நாங்க எட்டு பேரு குறுக்கு வழியா நடந்தே போறோம், சத்தம் எட்டணும்னு வழியெல்லாம் வானொலிப் பெட்டி வச்சுட்டே போறோம். ரெண்டு மணி சுமாருக்கு பஸ்ஸத் தொட்டுருவோம். பிள்ளைகளுக்கு உடையப் போட்டு எறக்கிட்டா, அப்புறம் நீ புகாரத் திரும்ப வாங்கிக்கலாமாம். வாங்குன ஒடனே எல்லா வண்டியும் ஓடும். நீ அங்கருந்து கெளம்பு, இங்க பீரண்ணன் தொட்டியோட எதிர கெளம்பிருவாரு. பாதி வழியில பாத்துக்கலாம். ரெண்டு மணி வரைக்கும் காத்த வச்சுக்க. கேட்டியா? வச்சுக்க."

கணக்குப் போட்டேன். உடைக்கு வரும் காற்றைக் குறைத்து வைத்தால் இரண்டு மணி தாண்டி, பாதி வழி வரைக்கும் வரும். குறைத்தால் தலை கொஞ்சம் மந்தமாகும், பரவாயில்லை. பாதிக்குக் குறைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறது. முதல் தடவையாக இன்றைக்கு அப்படித் தோன்றுகிறது.

காலை 10:34.

திரையில் புதிதாக ஒன்று வந்தது.

"வாடிக்கையாளரே, பாதுகாப்பு நிறுத்தம் தொடர வேண்டுமா, அல்லது புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா? திரும்பப் பெற: ஆம். நிறுத்தம் தொடர: இல்லை. பதில் வராவிட்டால் புகார் திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். இக்கேள்வி அரை மணிக்கு ஒருமுறை கேட்கப்படும்."

இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை உரக்கப் படித்தேன்.

இல்லை என்று அமுக்கினேன்.

ஆய்வாளர் அவர்களே, இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் மயங்கி விழுந்தால் அதுவும் சம்மதமா? நான் செத்தால் புகாரைத் திரும்பப் பெற்றவளா? பஸ் தானே ஓடுகிற வண்டி. தடை நீங்கிய நொடியில் மிச்ச வழியை ஓட ஆரம்பித்துவிடும். டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. அப்பாடா, கிளம்பிவிட்டது என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

ததேயுவிடம் கேட்டேன். அவருக்கும் இது தெரியாதாம். பூமியில் யாரையோ கூப்பிட்டுக் கொண்டே இருக்கிறார். அங்கே இன்று விடுமுறை.

காலை 11:04. இல்லை.

காலை 11:34. இல்லை.

தூக்கம் வருகிறது. காற்றைக் கொஞ்சம் கூட்டினேன், தலை தெளிந்தது. மறுபடி குறைத்தேன். கூட்டிக் கொண்டே இருந்தால் இரண்டு மணி வரை வராது, குறைத்தால் விழித்திருக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் அகலம் இருக்கிறது, அதில் நிற்கிறேன்.

உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. நின்றுகொண்டே எழுதுகிறேன். சாயக் கூடாது. வாய்ப்பாடு சொல்கிறேன். பதினேழாம் வாய்ப்பாடு எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வராது, இங்கேயும் வரவில்லை.

பகல் 12:04. இல்லை.

பயமாக இருக்கிறது. சாவது பற்றி இல்லை என்று எழுத ஆசை, ஆனால் அதுவும்தான். தனியாக, வெயிலில், ஒரு வண்டிக்குள் நின்றபடி. ஆவுடையப்பன் குழம்பில் உப்புப் போட மறப்பார், யார் சொல்வார்கள்? இப்படியெல்லாம் தோன்றுகிறது.

பகல் 12:34. இல்லை.

இப்போது நடந்ததை எழுத வேண்டும். தாமிரா பேசினாள். என் காதுக்குப் பக்கத்தில். அம்மா, நான் எறங்கிட்டேன், வா போலாம் என்றாள். அவ்வளவு தெளிவாக. விரல் 'ஆம்' மேல் போய்விட்டது.

அமுக்கவில்லை. பதிவைத் திருப்பிப் பார்த்தேன். வண்டி எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. அப்படி ஒரு குரல் வரவே இல்லை. அவர்கள் இன்னும் பஸ்ஸைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

என் தலை என்னிடமே பொய் சொல்கிறது. விரலுக்கும் திரைக்கும் நடுவில் இருந்தது ஒரு மயிரிழை.

பகல் 12:50.

தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்துகொள்கிறேன். எழுதி வைக்கிறேன், மறந்தால் பார்க்க.

கேள்வி வந்தால் இல்லை.
யார் குரலில் சொன்னாலும் இல்லை.
அவர் குரலில் சொன்னாலும் இல்லை. அவள் குரலில் சொன்னாலும் இல்லை.
பதிவைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஆம்.

திரைக்கு மேலே மார்க்கர் பேனாவால் பெரிதாக 'இல்லை' என்று எழுதி ஒட்டினேன். விரலைத் திரையில் 'இல்லை' இருக்கும் பக்கமாகவே வைத்துப் பழக்குகிறேன். ஆடு மாட்டைப் பழக்குவது மாதிரி. வலப்பக்கம், வலப்பக்கம், வலப்பக்கம்.

பிற்பகல் 1:04. இல்லை

காற்று முள் நான் போட்ட கணக்கை விடக் கீழே இருக்கிறது எங்கோ கசிகிறது போல. இன்னும் குறைத்தேன். ரெண்டு மணி. ரெண்டு மணி.

பிற்பகல் 1:34. இல்லை

எழுத்து தெரியவில்லை சரியாக. பேசுகிறேன் வண்டி எழுதிக்கொள்ளும். தாமிராவுக்கு. கண்ணு. பஸ் நின்றதுக்கு அம்மாவைத் திட்டாதே. இன்னொரு நாள் போகலாம். அங்கே நீலமாக இருக்கும். ரொம்ப

நின்றுகொண்டுதான் இருக்கிறேன்

வலப்பக்கம்

பிற்பகல் 1:51. வானொலி, ஆவுடையப்பன்:

"செல்வி. செல்வி, எறக்கிட்டோம். அத்தன பேரையும் எறக்கிட்டோம், எல்லாரும் உடை போட்டாச்சு, டீச்சரும் எறங்கியாச்சு. வெளையாட்டு காட்டுறோம்னு நெனச்சுச் சிரிச்சுட்டு வருதுங்க. பஸ்ஸுக்குள்ள ஒருத்தரும் இல்ல. நீ ஆம்னு அமுக்கு. அமுக்கிட்டு வா."

பிற்பகல் 1:58. வானொலி, பீர் முகமது:

"தாயி, நான் வண்டியில ஏறி உக்காந்துட்டேன். நாலு தொட்டி வச்சிருக்கேன். நீ அமுக்குன அடுத்த நிமிசம் கெளம்பிருவேன்."

பிற்பகல் 2:04. இல்லை.

பிற்பகல் 2:06. வானொலி, ஆவுடையப்பன்:

"செல்வி, இல்லன்னு போயிருக்கு. தப்பா அமுக்கிட்டியா? பரவால்ல. அடுத்த தடவ கேக்கும்ல, அப்ப ஆம்னு அமுக்கு. பதிவப் பாரு, நான் சொல்றது அதுல எழுதியிருக்கும். பாரும்மா."

பிற்பகல் 2:21. வானொலி, ததேயு:

"மேடம், கேக்குதா? நீங்க ஒண்ணுமே அமுக்க வேணாம். சும்மா இருங்க, அது போதும். பதில் வரலன்னா அதுவே எடுத்துரும், வண்டி தானா உங்கள இங்க கொண்டாந்துரும். கையத் திரையிலருந்து எடுத்துருங்க மேடம். தயவு செஞ்சு எடுத்துருங்க."

பிற்பகல் 2:33. வானொலி, தாமிரா:

"அம்மா, நான் வெளிய இருக்கேன். அப்பா கையப் பிடிச்சுட்டு இருக்கேன். ஆம்னு அமுக்கும்மா."

பிற்பகல் 2:34. இல்லை.